கட்டை கைமாறும் நேரம்

எங்கள் தொடர்கல்வி மையம் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. இந்தப் பக்கம் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. மாலையில் கடையை எடுத்து வைத்துவிட்டு ஒவ்வொருவராக வருவார்கள். ஒரு மணி நேரம் படிப்பார்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். சில நாள் பேச்சே பாடமாகிவிடும்.

காய்கறி விற்கும் அக்கா ஒருவர் உண்டு. மழை பெய்தாலும் வருவார். அவர் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். நோட்டைத் திறக்கவில்லை.

"என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். வீட்டுலதான் சண்டை" என்றார்.

விஷயம் இதுதான். அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாக ஓடுவாள். பள்ளிகளுக்கு இடையே நடந்த போட்டியில் தொடர் ஓட்டத்தில் ஓடினாள். தொடர் ஓட்டத்தை ரிலே என்றும் சொல்வார்கள். ஒரு அணியில் 4 பேர். ஒருவர் ஓடி வந்து கையில் இருக்கும் கட்டையை அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் ஓடி மூன்றாமவரிடம் கொடுப்பார். இப்படி நான்காமவர் வரை போகும். அந்தக் கட்டைக்குப் பேட்டன் என்று பெயர்.

அக்காவின் மகள் மூன்றாவதாக ஓட வேண்டியவள். இரண்டாவதாக ஓடிய பெண் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தாள். கட்டையைக் கொடுக்கும்போது அது கீழே விழுந்துவிட்டது. மகள் குனிந்து எடுத்து ஓடினாள். அதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். அணி கடைசியாக வந்தது.

"எல்லாரும் எம் மகளத்தான் சொல்றாங்க சார். உன் கையிலதான் விழுந்துச்சு, உன்னாலதான் தோத்தோம்னு. அவ சோறு திங்க மாட்டேங்கா. அவங்க அப்பா, இனி ஓட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டாரு. நீங்க சொல்லுங்க சார். அது அவ தப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ரிலே ஓட்டத்தை டி.வி.யில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக்கூடாது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். நாகர்கோவில்காரர். அவரைப் போய்க் கேட்டேன். "நாளைக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் மாஸ்டர் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. தண்ணீர்க் குழாய் பொருத்துவார்களே, அதில் வெட்டிய துண்டு.

"இதுதான் பேட்டன். கடையில் வாங்கினால் காசு. இது போதும்" என்றார்.

கட்டை என்று சொல்கிறோமே தவிர, அது உள்ளே கூடாக இருக்கும் ஒரு குழாய். நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்கேல் அளவு. எடை 50 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு கோழிமுட்டையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். முட்டை எடையுள்ள குழாய், ஆனால் அது போய்ச் சேராவிட்டால் நாலு பேர் ஓடியதும் வீண். தொடர் ஓட்டத்தில் ஓட்டக்காரரை விடக் கட்டைதான் முக்கியம். கட்டை எங்கே இருக்கிறது என்றுதான் நடுவர் பார்ப்பார்.

மாஸ்டர் எங்களைக் கேட்டார்: "உங்களில் யார் கட்டட வேலைக்குப் போகிறீர்கள்?"

மூன்று பேர் கை தூக்கினார்கள்.

"சாரத்தில் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவீர்கள் அல்லவா? ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தா வாங்குகிறீர்கள்?"

"பாத்துக்கிட்டிருந்தா வேலை ஓடாது சார். சட்டி வர்ற நேரம் கைக்குத் தெரியும்" என்றார் ஒரு சித்தாள் அக்கா.

"அதேதான். வித்தியாசம், இங்கே இரண்டு பேரும் ஓடிக்கொண்டே கைமாற்ற வேண்டும்."

பிறகு தரையில் சாக்குக்கட்டியால் படம் போட்டார். ஓடுபாதை முட்டை வடிவில் இருக்கும். ஒரு சுற்று 400 மீட்டர். ஆளுக்கு 100 மீட்டர் ஓடினால் 4 பேரில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொரு அணிக்கும் தனித்தனித் தடம் உண்டு. கட்டையை நினைத்த இடத்தில் கொடுக்க முடியாது. அதற்கென்று 30 மீட்டர் நீளத்தில் ஓர் எல்லை குறித்திருப்பார்கள். அந்த எல்லைக்குள் கட்டை கைமாறிவிட வேண்டும். எல்லைக்கு முன்னே கொடுத்தாலும் தப்பு, தாண்டிக் கொடுத்தாலும் தப்பு. அணியையே நீக்கிவிடுவார்கள். இந்த எல்லை முன்பு 20 மீட்டராக இருந்தது. 2017-இல் விதியை மாற்றினார்கள். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் இன்னும் 20 என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று மாஸ்டர் குறைப்பட்டுக்கொண்டார்.

30 மீட்டர் அதிகம் என்று தோன்றுகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய வீரர்கள் 1 விநாடியில் 10 மீட்டர் ஓடுவார்கள். அப்படியானால் 30 மீட்டருக்கு 3 விநாடி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட வேண்டும்.

வாங்குகிறவர் நின்றுகொண்டே வாங்கினால் என்ன? வாங்கலாம். தப்பில்லை. ஆனால் ஓடி வந்தவரின் வேகம் அங்கேயே செத்துவிடும். புதியவர் நின்ற இடத்திலிருந்து மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். அதனால் வாங்குகிறவர் முன்கூட்டியே ஓடத் தொடங்குவார். எப்போது தொடங்குவது என்பதில்தான் வித்தை இருக்கிறது.

அதற்கு ஓர் அடையாளம் வைப்பார்கள். எல்லையின் தொடக்கத்திலிருந்து பின்னோக்கி, ஓடி வருகிறவர் பக்கமாக, அடி மேல் அடி வைத்து அளப்பார்கள். 20 அடி என்று ஓர் அணி வைக்கும். 25 அடி என்று இன்னொரு அணி வைக்கும். அங்கே தரையில் ஒரு டேப் துண்டு ஒட்டுவார்கள். ஓடி வருகிறவரின் கால் அந்த டேப்பைத் தொட்டதும் வாங்குகிறவர் கிளம்பிவிட வேண்டும். கிளம்பியபின் திரும்பிப் பார்க்கக்கூடாது. முழு வேகத்தில் ஓட வேண்டும். பின்னால் வருகிறவர் எட்டும் தூரத்துக்கு வந்ததும் "கை!" என்று கத்துவார். உடனே முன்னால் ஓடுகிறவர் கையைப் பின்னால் நீட்டுவார். அந்தக் கை ஆடக்கூடாது. கட்டை உள்ளங்கையில் வந்து உட்காரும். இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

எந்தக் கையில் கொடுப்பது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. முதலாமவர் வலது கையில் கட்டையோடு ஓடுவார். இரண்டாமவர் இடது கையில் வாங்குவார். மூன்றாமவர் வலது கையில். நான்காமவர் இடது கையில். வாங்கியபின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றமாட்டார்கள். மாற்றினால் நேரம் போகும், விழவும் விழும். முதலாமவரும் மூன்றாமவரும் வளைவில் ஓடுகிறவர்கள். வளைவில் ஓடுகிறவர் தன் தடத்தின் உட்கோட்டை ஒட்டி ஓடினால் தூரம் மிச்சம். அதற்கு வலது கையில் கட்டை இருப்பதுதான் வசதி. வாங்குகிறவர் வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்பார். இருவரும் இடித்துக்கொள்ளமாட்டார்கள். கட்டை கொடுக்கும் முறையிலும் இரண்டு மூன்று வகை உண்டு. கீழிருந்து மேலாகத் தருவது ஒன்று. மேலிருந்து கீழாக வைப்பது ஒன்று. நேராகத் தள்ளிக் கொடுப்பது ஒன்று. எதுவானாலும் கொடுக்கிறவர் கட்டையின் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்க வேண்டும். அடுத்தவர் பிடிக்க இடம் மிச்சம் இருக்க வேண்டுமே.

இதையெல்லாம் கேட்டபின் நம் அக்கா ஒரு கேள்வி கேட்டார். "சார், இவ்வளவு கஷ்டப்பட்டுப் பாக்காம வாங்கறதுல என்ன லாபம்?"

மாஸ்டர் சிரித்தார். "ஜமைக்காக்காரனைக் கேட்க வேண்டிய கேள்வி இது" என்றார்.

ஜமைக்கா ஒரு தீவு. அமெரிக்காவுக்குத் தெற்கே, கரீபியன் கடலில் இருக்கிறது. அதன் மக்கள் தொகை சுமார் 28 லட்சம். 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி நம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மட்டும் 33 லட்சம் பேர். ஒரு மாவட்டத்தை விடச் சிறிய நாடு! அந்த நாட்டின் 4 ஆண்கள் 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தொடர் ஓட்டத்தை 36.84 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார்கள். நெஸ்டா கார்ட்டர், மைக்கேல் ஃப்ரேட்டர், யோகன் பிளேக், உசைன் போல்ட் ஆகியோர் அந்த நால்வர்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 36.84-ஐ 4-ஆல் வகுத்தால் 9.21. அதாவது ஆளுக்கு 9.21 விநாடி. ஆனால் உசைன் போல்ட் தனியாக 100 மீட்டர் ஓடிய உலக சாதனையே 9.58 விநாடிதான். 2009-இல் பெர்லினில் செய்த சாதனை அது. தனி ஆளாக அவராலேயே ஓட முடியாத வேகத்தில் 4 பேரும் சேர்ந்து எப்படி ஓடினார்கள்?

மாயம் ஒன்றுமில்லை. தனியாக ஓடும்போது நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். வேகம் பிடிக்கச் சிறிது நேரமாகும். தொடர் ஓட்டத்தில் முதலாமவர் மட்டும்தான் நின்று கிளம்புகிறார். மற்ற மூவரும் கட்டையை வாங்கும்போதே வேகத்தில் இருக்கிறார்கள். இன்னொரு லாபமும் உண்டு. கொடுக்கிறவர் கையை முன்னால் நீட்டுகிறார். வாங்குகிறவர் பின்னால் நீட்டுகிறார். நடுவில் ஒரு மீட்டர் தூரத்தைக் கட்டைதான் கடக்கிறது. கால் கடப்பதில்லை. பார்க்காமல் வாங்குவதில் இவ்வளவு லாபம். அக்கா இந்த வகுத்தலைத் தன் நோட்டில் போட்டுப் பார்த்தார். 9.21 வந்ததும் மறுபடி ஒருமுறை போட்டார்.

ஜமைக்காவில் இந்த வித்தையைப் பள்ளியிலேயே பழகுகிறார்கள். 1910 முதல் அங்கே பள்ளி மாணவர்களுக்கான தடகளப் போட்டி நடந்து வருகிறது. முதலில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். பிறகு பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள தேசிய மைதானம் அந்த நாட்களில் நிரம்பி வழியும். நம் ஊரில் திருவிழாவுக்குப் போவதுபோல் பழைய மாணவர்கள் தங்கள் பள்ளியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போவார்கள். டினா கிளேட்டன், டியா கிளேட்டன் என்று இரட்டைச் சகோதரிகள். 2021-இல் நைரோபியில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் ஜமைக்காவின் தொடர் ஓட்ட அணியில் இருவரும் ஓடினார்கள். 42.94 விநாடி. அந்த வயதுக்கு அது உலக சாதனை. அடுத்த ஆண்டே ஜமைக்கா அணி அதையும் முறியடித்தது. 2025-இல் டோக்கியோவில் பெரியவர்களுக்கான உலகப் போட்டி. 100 மீட்டரில் டினா 10.76 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார்.

வேகம் மட்டும் போதும் என்றால் வேகமான நாலு பேர் உள்ள நாடே எப்போதும் ஜெயிக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. 2016-இல் ரியோ ஒலிம்பிக். ஜமைக்கா முதலிடம். இரண்டாமிடம் யாருக்குத் தெரியுமா? ஜப்பானுக்கு. அந்த அணியின் 4 பேரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரைப் 10 விநாடிக்குள் ஓடியதில்லை. ஆனால் கட்டை மாற்றுவதில் அவர்கள் செய்த பயிற்சிக்கு அளவில்லை. கீழிருந்து மேலாகக் கொடுக்கும் முறையை அவர்கள் கையாண்டார்கள். 37.60 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார்கள்.

இதற்கு நேர் எதிர் 2024-இல் பாரிஸில் நடந்தது. அமெரிக்க ஆண்கள் அணியில் எல்லோருமே பெரிய வீரர்கள். முதல் கைமாற்றத்திலேயே தடுமாற்றம். முதலாமவர் கிறிஸ்டியன் கோல்மன். இரண்டாமவர் கென்னி பெட்னரெக். கட்டை எல்லைக்குள் ஒழுங்காக மாறவில்லை. அணியை நீக்கிவிட்டார்கள். கனடா 37.50 விநாடியில் தங்கம் வென்றது.

நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை தலை நிமிரவில்லை. அமெரிக்கா கதை வந்ததும் நிமிர்ந்தாள்.

மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். "மக்களே, இங்க வா. கட்டை விழுந்தப்ப அது யார் கையில இருந்துச்சு?"

"ரெண்டு பேர் கையிலயும் சார். நான் தொட்டேன். புடிக்கல. அவ விட்டுட்டா."

"நீ திரும்பிப் பாத்தியா?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாத்தேன் சார். அவ சத்தம் கேக்கல" என்றாள்.

"அவளோட எத்தனை நாள் பழகினே?"

"ஒரு நாளும் இல்ல சார். என்கூட ஓடுறவளுக்குக் காய்ச்சல். காலையிலதான் இவள சேத்தாங்க."

"டேப் ஒட்டினீங்களா?"

"டேப்பா?" என்று கேட்டாள்.

மாஸ்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். விதியைச் சொன்னார். வாங்குகிறவர் கையில் மட்டும் கட்டை இருக்கும்போதுதான் கைமாறியதாகக் கணக்கு. அதுவரை கொடுக்கிறவர் பிடியை விடக்கூடாது. அதற்கு முன் விழுந்தால் அதை எடுக்க வேண்டியவர் கொடுத்தவர்தான். அன்று கட்டையை உங்கள் மகள் குனிந்து எடுத்திருக்கவே வேண்டாம். இது அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. உங்கள் மகள் திரும்பிப் பார்த்தது அவள் பிழை. சீக்கிரம் விட்டது அந்தப் பெண்ணின் பிழை. ஆனால் ஒரு நாள்கூடச் சேர்ந்து ஓடாத இரண்டு பிள்ளைகளைக் களத்தில் இறக்கினால் இதுதான் நடக்கும். அமெரிக்காவுக்கே நடக்கிறது.

"அப்ப எம் மகமேல தப்பு இல்லையா?" என்றார் அக்கா.

"கொஞ்சம் இருக்கு. திருத்திக்கலாம்" என்றார் மாஸ்டர்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தப்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

தொடர் ஓட்டத்தில் இன்னொரு வகை உண்டு. ஆளுக்கு ஒரு முழுச் சுற்று, 400 மீட்டர் ஓடுவது. நம் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது பெரும்பாலும் இந்த ஓட்டம்தான். அதில் கேரளத்துப் பிள்ளைகளின் பங்கு பெரிது.

இந்த ஓட்டத்தில் கட்டையைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். காரணம் உண்டு. 400 மீட்டர் ஓடி வருகிறவர் கடைசி 50 மீட்டரில் சோர்ந்திருப்பார். கால் கனக்கும், மூச்சு வாங்கும். அவர் எந்த வேகத்தில் வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் வாங்குகிறவர் திரும்பிப் பார்த்து, அவர் வேகத்துக்கு ஏற்றபடி மெல்லக் கிளம்பி, கையிலிருந்து கட்டையைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொள்வார். இன்னொரு சங்கடம், எல்லோரும் ஒரே இடத்தில் நெரிசலாக நிற்பது. எந்த அணி முன்னால் வருகிறதோ அந்த அணியின் ஆள் உள்பக்கம் நிற்க வேண்டும். முண்டியடிக்கக்கூடாது. முதலாமவர் சுற்று முழுவதும் தன் தடத்திலேயே ஓடுவார். இரண்டாமவர் முதல் வளைவு வரை தன் தடத்தில் ஓடி, அங்கே போட்டிருக்கும் கோட்டைத் தாண்டியபின் உள்பக்கம் சேரலாம்.

அந்தக் கோட்டின் அருமை ஷைனி ஆபிரகாமுக்குத் தெரியும். அவர் இடுக்கி மாவட்டத்தின் தொடுபுழாக்காரர். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் முன்னால் ஓடினார். அதிலும் தொடக்கத்தில் தனித் தடத்தில்தான் ஓட வேண்டும். அவர் கோட்டுக்கு முன்பே உள்ளே வந்துவிட்டார் என்று நீக்கிவிட்டார்கள். கையில் வந்த பதக்கம் போயிற்று. ஆனால் அதே சியோலில் அவர் 400 மீட்டர் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். பி.டி. உஷா, எம்.டி. வல்சம்மா, வந்தனா ராவ் மற்ற மூவர். இந்தியாவுக்குத் தங்கம்.

இதே நால்வர்தான் 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் ஓடியவர்கள். அங்கே உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தை இழந்தார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்த சில நாட்களில் அவர் மறுபடி களத்தில் இறங்கித் தொடர் ஓட்டத்தில் ஓடியதைப் பலர் மறந்துவிட்டார்கள். அணி இறுதிப் போட்டிக்குப் போய் 3 நிமிடம் 32.49 விநாடியில் ஓடி ஏழாவதாக வந்தது. அப்போது அது ஆசிய சாதனை. நால்வரில் மூவர் கேரளத்துப் பெண்கள். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் இந்தியப் பெண்கள் இந்த ஓட்டத்தின் இறுதிப் போட்டிக்குப் போனார்கள். அந்த அணியிலும் கே.எம். பீனாமோல், சித்ரா கே. சோமன் என்று இரண்டு கேரளத்துப் பெண்கள் இருந்தார்கள். 2019-இல் தோகா உலகப் போட்டியில் ஆண்களும் பெண்களும் கலந்து ஓடும் தொடர் ஓட்டத்தில் இந்தியா இறுதிக்குப் போனது. அனஸ், விஸ்மயா, ஜிஸ்னா மேத்யூ, நிர்மல் நோவா டாம் என்று நால்வருமே கேரளம்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். நகரத்திலிருந்து வடக்கே போனால் காரியவட்டம் வரும். அங்கே லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 1985-இல் தொடங்கியது. பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துக் கூட்டிப் படித்தும் இருப்பீர்கள். நாட்டின் 400 மீட்டர் ஓட்டக்காரர்களின் முகாம் அங்கே நடந்திருக்கிறது. அவர்களுக்குப் பயிற்சி தந்தவர் ஜேசன் டாசன். எந்த நாட்டுக்காரர் தெரியுமா? ஜமைக்கா! நம் மாவட்டத்தை விடச் சிறிய நாட்டிலிருந்து நம் மாவட்டத்துக்கே வந்து ஓடக் கற்றுத் தந்திருக்கிறார்.

அதன் பலன் 2023 ஆகஸ்டில் தெரிந்தது. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் உலகப் போட்டி. இந்திய ஆண்கள் அணியில் முதலில் கொல்லம் மாவட்டத்தின் முகமது அனஸ் யாகியா. அடுத்து அமோஜ் ஜேக்கப். மூன்றாவது பாலக்காட்டின் முகமது அஜ்மல். கடைசியாகத் தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷ். தகுதிச் சுற்றில் 2 நிமிடம் 59.05 விநாடி. இந்தியா 3 நிமிடத்துக்குள் ஓடியது அதுவே முதல் முறை. அப்போது அது ஆசிய சாதனையாகவும் இருந்தது. அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார்கள். ராஜேஷ் ரமேஷ் கடைசி வளைவில் அமெரிக்கருக்குப் பக்கத்திலேயே ஓடியதை டி.வி.யில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மறுநாள் இறுதிப் போட்டியில் ஐந்தாமிடம். அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். ஆண்கள் இந்த ஓட்டத்தில் அதற்கு முன் தங்கம் வென்றது 1962-இல். அப்போது மில்கா சிங் ஓடினார். 61 ஆண்டு இடைவெளி!

ஆனால் மாஸ்டர் அன்று அந்தப் பெண்ணுக்கு இந்த வெற்றியைச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் சொன்னார்.

2024 மே மாதம். பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் போட்டி பகாமாஸ் தீவில் நடந்தது. ராஜேஷ் ரமேஷ் இரண்டாவதாக ஓடினார். பாதி வழியில் தசைப்பிடிப்பு. ஓட முடியவில்லை. நின்றுவிட்டார். கட்டை அவர் கையிலேயே இருந்தது. மூன்றாமவரும் நான்காமவரும் கை நீட்டக்கூட வழியில்லாமல் போயிற்று. உலகமே பார்க்கும் இடத்தில், ஆசிய சாதனை செய்த அணி ஓட்டத்தையே முடிக்கவில்லை.

"அவன் என்ன செஞ்சிருப்பான் மக்களே?" என்று மாஸ்டர் கேட்டார்.

அவள் பதில் சொல்லவில்லை.

மறுநாள் இன்னொரு வாய்ப்பு இருந்தது. ராஜேஷுக்குப் பதில் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் இறங்கினார். அனஸ், அஜ்மல், ராஜீவ், அமோஜ் நால்வரும் 3 நிமிடம் 3.23 விநாடியில் ஓடி, இரண்டாவதாக வந்து, பாரிஸுக்குத் தகுதி பெற்றார்கள். அன்றே பெண்கள் அணியும் தகுதி பெற்றது. ரூபல் சவுத்ரி, எம்.ஆர். பூவம்மா, ஜோதிகா ஸ்ரீ தண்டி, கடைசியில் தமிழ்நாட்டின் சுபா வெங்கடேசன். அவர்களுக்கு முன்னால் வந்தது எந்த நாடு என்று நினைக்கிறீர்கள்? ஜமைக்காதான்.

"பாரிஸில் ராஜேஷ் ஓடினாரா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அன்று அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

ஓடினார். கடைசி ஆளாக ஓடினார். இந்தியா 3 நிமிடம் 0.58 விநாடியில் முடித்தது. இறுதிப் போட்டிக்குப் போக அது போதவில்லை. ஆனால் பகாமாஸில் நின்றுபோனவரிடம் மறுபடியும் கட்டையைக் கொடுத்தார்கள்.

டாசனிடம் பயிற்சி பெற்றவர்களில் தமிழ்நாட்டு இளைஞர் டி.கே. விஷால் என்பவரும் ஒருவர். 2025 ஆகஸ்டில் சென்னையில் 400 மீட்டரை 45.12 விநாடியில் ஓடினார். அனஸ் 2019-இல் செய்த 45.21 என்ற தேசிய சாதனையை அது முறியடித்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு தென் கொரியாவில் ஆசியப் போட்டி நடந்தது. அங்கே கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம். ஓடிய நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். சந்தோஷ் குமார், விஷால், சுபா வெங்கடேசன் என்ற அந்த மூவரோடு ஓடிய நான்காமவர் ரூபல் சவுத்ரி.

பேசி முடிக்க மணி எட்டாகிவிட்டது. மாஸ்டர் குழாய்த் துண்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். "அன்னிக்கு உனக்குக் கட்டை கொடுத்தவ எங்க இருக்கா?"

"ரெண்டு தெரு தள்ளி சார். என்கூடப் பேச மாட்டா."

"நாளைக்கு அவளையும் கூட்டிட்டு வா. பேச வேண்டாம். ஓடுறப்ப 'கை'ன்னு ஒரு வார்த்தை மட்டும் சொன்னாப் போதும்."

மறுநாள் இருவரும் வந்தார்கள். மையத்துக்கு முன்னால் உள்ள சந்து நீளமானது. அடி வைத்து அளந்தார்கள். டேப் இல்லாததால் சாக்குக்கட்டியால் கோடு போட்டார்கள். முதல் நாள் 11 முறை மாற்றினார்கள். 7 முறை விழுந்தது. நாங்கள் பாடத்தை நிறுத்திவிட்டு வாசலில் நின்று எண்ணினோம். ஒரு வாரம் கழித்து 20 முறையில் 2 முறைதான் விழுந்தது. அக்கா அதைத் தன் நோட்டில் நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். கூட்டல் கழித்தல் எல்லாம் அதிலேயே நடக்கிறது. ஒரு நாள் அவள் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வழியாக வந்த ஆட்டோவை மட்டும் கை காட்டிச் சற்று நிற்கச் சொன்னார்.

செய்து பாருங்கள்

ஸ்கேல் நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டோ சுருட்டிய செய்தித்தாளோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நில்லுங்கள். முதலில் நின்றபடியே மாற்றுங்கள். பிறகு நடந்துகொண்டே. முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. 10 முறையில் எத்தனை முறை விழுந்தது என்று எழுதுங்கள்.

ஜப்பான் அணி 37.60 விநாடியில் ஓடியது. ஆளுக்கு எத்தனை விநாடி? வகுத்துப் பாருங்கள்.

உங்கள் வேலையில் பார்க்காமல் கைமாற்றும் பொருள் ஏதாவது உண்டா? அது ஒருமுறை தவறியபோது யாரைக் குறை சொன்னார்கள்? ஐந்து வரியில் எழுதி மையத்துக்குக் கொண்டு வாருங்கள்.